பூஜ்யம்-புள்ளி வெர்ஷனில் எதை வேண்டுமானாலும் உடைக்கலாமா?

பிப்ரவரி 3, மாலை (கேள்வி)

பதினான்கு மாதமாக இரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன லைப்ரரி எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போது 0.6. அவசரத்தில் வைத்த ஃபங்ஷன் பெயர்களில் பாதி எனக்கே பிடிக்கவில்லை. ஒரே வேலையைச் செய்ய இரண்டு ஃபங்ஷன் இருக்கிறது, தப்பு நடந்தால் ஒன்று எக்ஸெப்ஷன் எறியும், அதாவது பிழை என்று சொல்லி நிற்கும், இன்னொன்று சத்தமில்லாமல் வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். 1.0-க்கு முன் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்கிறேன். கூட எழுதுபவர், ஏற்கெனவே ஆட்கள் பயன்படுத்துகிறார்கள், கை வைக்காதே என்கிறார். பூஜ்யம்-புள்ளி என்றாலே எதுவும் மாறும் என்றுதானே பொருள்? யார் பக்கம் நியாயம்?

பிப்ரவரி 3, இரவு

உங்கள் பக்கம்தான். மாற்றித் தள்ளுங்கள். பதிப்பு எண்ணை மேஜர், மைனர், பேட்ச் என்று மூன்றாக எழுதச் சொல்லும் செம்வர் விதிகளில் நான்காவதே இதுதான்: முதல் எண் பூஜ்யமாக இருக்கும்வரை எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம், அந்த ஏபிஐயை (வெளியிலிருந்து அழைக்கும் ஃபங்ஷன்களும் அமைப்புகளும்) நிலையானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைப் படிக்காமல் எடுத்துப் போட்டவரின் தலைவலி அவருடையது.

தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு கோடைக் கட்டியெடுக்கும் மேக் (make) என்ற கருவி ஒன்றே போதும். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதியபோது, கட்டளை வரிக்கு முன்னால் டேப் இருக்க வேண்டும் என்று அப்போதைக்கு எளிதாக இருந்த ஒரு வழியை வைத்தார். சில வாரத்தில் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்கள் வேலையைக் கெடுக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காக. டேப்புக்குப் பதில் எட்டு ஸ்பேஸ் அடித்துவிட்டு அரை மணி நேரம் விழித்தவர்கள் அதற்கப்புறம் எத்தனை பேர் என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள்? என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 4, காலை

நேற்று கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். அதே செம்வர் பக்கத்தின் அடியில் கேள்வி-பதில் பகுதி இருக்கிறது, அங்கே எப்போது 1.0 வெளியிடுவது என்று ஒரு கேள்வி. உங்கள் மென்பொருள் நிஜமான வேலையில் ஓடிக்கொண்டிருந்தால் அது ஏற்கெனவே 1.0 ஆக இருந்திருக்க வேண்டும் என்கிறது பதில். பின்னிணக்கத்தைப் பற்றி, அதாவது பழைய கோட் உடையாமல் ஓடுவதைப் பற்றி, ரொம்பக் கவலைப்படுகிறீர்கள் என்றாலும் அப்படித்தான் என்கிறது. நீங்கள் இரண்டு பேரும் இதை வைத்துச் சண்டை போடுகிறீர்கள் என்பதே அதில் வந்துவிடுகிறது.

அதாவது நான்காவது விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே 0 என்று எழுதி ஒட்டிவிட்டு, உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்வது சரிப்படாது. வருடக்கணக்கில் பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருக்கும் திட்டங்கள் ஏராளம். இணையப் பக்கங்கள் கட்டும் ரியாக்ட் லைப்ரரி 0.14 வரை போய், அதை நம்பி எத்தனையோ தளங்கள் ஓடிக்கொண்டிருந்த பிறகு, 2016-ல் நேரே 15 என்று எண்ணை மாற்றியது. அந்தப் பூஜ்யம் அதற்குள் யாருக்கும் எதையும் சொல்லாமல் போயிருந்தது.

இதில் என் கதை ஒன்று உண்டு, சொல்ல வெட்கம். சாயங்காலம் எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, மாலை

கதை. கோரிக்கை தோற்றால் திரும்ப முயலும் ஒரு சின்ன லைப்ரரியை ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் கிடைக்கும் என்பிஎம்மில் வைத்திருந்தேன். அதில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்ல டைம்அவுட் என்று ஒரு அமைப்பு, மதிப்பு விநாடியில். ஜாவாஸ்கிரிப்டில் மற்ற எல்லாரும் மில்லிவிநாடியில் தருகிறார்கள், என்னுடையது மட்டும் விநாடி. மூன்று பேர் இஷ்யூ (புகார்) போட்டுவிட்டார்கள், குழப்புகிறது என்று. சரி, பூஜ்யம்-புள்ளிதானே, மாற்றிவிடுவோம் என்று 0.5-ல் அலகை மில்லிவிநாடி ஆக்கினேன். பெயர் அதேதான், டைம்அவுட். மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாகில் ஒரு வரி எழுதினேன். தடித்த எழுத்தில்தான் எழுதினேன்.

இப்போது பழைய கோடில் 30 என்று எழுதியிருந்தவர் நிலையை யோசியுங்கள். முப்பது விநாடி காத்திருக்க வேண்டியது முப்பது மில்லிவிநாடியில் செத்துவிடும். செத்ததும் என் லைப்ரரி தன் கடமையைச் செய்யும், ஐந்து முறை திரும்ப முயலும், ஐந்தும் முப்பது மில்லிவிநாடியில் சாகும். அந்தப் பக்கம் இருக்கும் சர்வருக்குக் கேட்டவன் போய்விட்டான் என்று தெரியாது, ஒவ்வொரு கோரிக்கையையும் முழுதாகச் செய்து முடிக்கும். ஒன்றுக்கு ஆறு. ஒருவர் இரவு முழுவதும் தன் சர்வரில்தான் கோளாறு என்று தேடியிருக்கிறார். மறுநாள் அவர் போட்ட இஷ்யூவில் திட்டு ஒன்றும் இல்லை, வெறும் லாக் வரிகள்தான் இருந்தன. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாற்றியது தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். பெயரை மாற்றாமல் பொருளை மாற்றினேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். டைம்அவுட்எம்எஸ் என்று புதுப் பெயர் வைத்திருந்தால் உடைவது சத்தமாக உடைந்திருக்கும்.

பிப்ரவரி 4, இரவு

இல்லை, அதுவும் போதாது. ஜாவாஸ்கிரிப்டில் அமைப்புகளை ஆப்ஜெக்டாக அனுப்பினால், தெரியாத பெயர் வந்தாலும் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். பழைய டைம்அவுட் பேசாமல் ஒதுக்கப்பட்டு, நான் உள்ளே வைத்திருக்கும் இயல்பு மதிப்பு ஓடும். அதுவும் சத்தமில்லாத உடைப்புதான். பழைய பெயரைக் கண்டால் எக்ஸெப்ஷன் எறியும்படி தனியாக ஒரு வரி வேண்டும்.

பிப்ரவரி 6

திருத்தம். பழைய ரெப்போவைத் திறந்து கிட் லாகைப் பார்த்தேன். நான் 0.5-ல் மாற்றினேன் என்று எழுதினேன் அல்லவா, பொய். 0.4.7.

இது சின்ன விஷயம் இல்லை. எந்தப் புதிய பதிப்பு வரை ஏற்கலாம் என்று சொல்ல என்பிஎம் தானாக எழுதும் கேரட் குறி (^), முதல் எண் பூஜ்யமாக இருந்தால் இரண்டாவது எண்ணைத்தான் எல்லையாகப் பார்க்கும். 0.4.6-க்குக் கேரட் போட்டால் 0.4 வரிசையில் வரும் எதுவும் உள்ளே வரலாம், 0.5 வராது. 0.0.3-க்குப் போட்டால் 0.0.3 மட்டும்தான். ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோவும் இதே கணக்குதான். செம்வர் எதுவும் மாறலாம் என்று சொன்னாலும், கருவிகள் நடுவில் ஒரு வேலி போட்டு வைத்திருக்கின்றன: பூஜ்யத்தில் இருக்கும்போது நடு எண்தான் மேஜர், உடைக்கும் மாற்றத்தைக் காட்டும் எண். நான் 0.5 என்று வெளியிட்டிருந்தால் அந்த மனிதரின் இரவு பாழாகியிருக்காது. பதிப்பு எண்களைப் பூட்டி வைக்கும் லாக் ஃபைலை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், அதுவும் அடுத்து அப்டேட் கொடுக்கும்வரைதான்.

ஏன் 0.4.7 என்று போட்டேன்? கமிட் செய்தியைப் பார்த்தால் தெரிகிறது. அதில் நான் எழுதியிருப்பது: அலகு பிழை சரிசெய்யப்பட்டது. என் மண்டைக்குள் அது பிழைத்திருத்தம், ஆகவே பேட்ச், கடைசி எண் மட்டும் ஏறும். பயன்படுத்துபவர்களுக்கு அது பிழையே இல்லை, ஆவணத்தில் விநாடி என்று நானே எழுதியிருந்தேன்.

பிப்ரவரி 7

"இவ்வளவு பேசிவிட்டு, அப்படியென்றால் எதையுமே மாற்றக்கூடாதா?" என்று கேட்கிறார் ஒருவர். அப்படிச் சொல்லவில்லை.

லினக்ஸ் கர்னலை எடுத்துக்கொள்ளுங்கள். யூசர்ஸ்பேஸை, அதாவது கர்னலின் மேல் ஓடும் மென்பொருள்களை, உடைக்கமாட்டோம் என்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012 டிசம்பரில் ஒருவரை வறுத்தெடுத்த மடல் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே கர்னலுக்கு உள்ளே, டிரைவர்கள் பேசும் ஏபிஐக்கு நிலைத்தன்மை எதுவும் கிடையாது, அப்படி ஒன்று கேட்பதே முட்டாள்தனம் என்று கர்னல் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டை எங்கே போடுவது என்று தெளிவாக இருந்தால் ஒரே வீட்டுக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் தரவை அனுப்பிப் பெறும் லைப்ரரியான லிப்கர்ல் 2006-க்கு அப்புறம் ஏபிஐயை உடைக்கவே இல்லை. அதற்கு முன்னால் உடைத்திருக்கிறார்கள், சும்மா இல்லை, பல முறை. உடைக்க வேண்டியதை உடைத்து முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸின் கதை இன்னும் வேடிக்கை. ஆரம்பப் பதிப்புகளில் இருந்த ஒரு பிழையால் ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீயில் நல் (வெற்று) மதிப்பு போக அனுமதித்துவிட்டது. கண்டுபிடித்தபோது அதை நம்பி எத்தனை மென்பொருள் ஓடுகிறதோ தெரியாது, திருத்தினால் உடையும். அதனால் பிழையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆவணத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒழுங்கான நடத்தை வேண்டுமென்றால் 2021-ல் வந்த ஸ்ட்ரிக்ட் வகை டேபிளைப் போட்டுக்கொள்ளலாம். பழையவனைத் தொடாமல், புதியவனுக்கு வேறு வாசல்.

உங்கள் லைப்ரரி எஸ்கியூலைட் இல்லை. என்னுடையதும் இல்லை. அதனால் இந்தப் பெரிய பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிப்ரவரி 10

பீட்டா என்று பெயர் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு. சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இன்க்ரெஸ் 2015-ல் பீட்டாவாக வந்தது. நிலையானது என்ற பட்டம் கிடைத்தது 2020-ல், 1.19 பதிப்பில். ஐந்து வருடம் பீட்டா! அதற்குள் உலகம் முழுக்க அதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் 1.22 வந்தபோது பழைய பீட்டாவை நீக்கினார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நீக்கினார்கள், இருந்தும் எத்தனை பேர் அன்றைக்கு விழுந்தடித்து ஃபைல்களைத் திருத்தினார்கள் என்று நான் நேரில் பார்த்தேன், ஏனென்றால் அதில் நானும் ஒருவன். 1.24-லிருந்து புதிதாக வரும் பீட்டா ஏபிஐகள் இயல்பாக அணைந்தே இருக்கும், வேண்டுமென்றால் நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கிறது. லேபிளைப் படிக்காதவனும் சுவிட்சைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சோதனையில் இருக்கிறது என்று ரீட்மீயில் எழுதுவதும், இம்போர்ட் செய்யும் பெயரிலேயே 'நிலையற்றது' என்ற சொல் வரும்படி வைப்பதும் ஒன்றல்ல. பின்னதை ஒவ்வொரு முறையும் கையால் அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 11

மேலே ஒரு இடத்தில் "சேஞ்ச்லாகில் தடித்த எழுத்தில்" என்று எழுதியிருக்கிறேன். சேஞ்ச்லாகை யார் படிக்கிறார்கள்? உடைந்த பிறகு காரணம் தேடுபவன் படிக்கிறான். முன்னால் படிப்பவன் எழுதியவன் மட்டும்தான்.

பிப்ரவரி 15

டெப்ரிகேஷன் வார்னிங், அதாவது இது போகப் போகிறது என்ற எச்சரிக்கை, கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று ஒருவர் சொல்கிறார். பைத்தானில் அந்த வார்னிங் இயல்பாகவே மறைக்கப்படுகிறது, நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டிலும் டெஸ்ட் கருவிகளிலும் மட்டும் தெரியும். அதைப் பார்க்க வேண்டியவன் பார்ப்பதில்லை.

பைத்தான் பேக்கேஜ்களைக் கட்டும் செட்அப்டூல்ஸில் நடந்தது நினைவிருக்கும். அமைப்புக் கோப்பில் சில பெயர்களை இடையில் சின்னக் கோடு போட்டு எழுதுவதை 2021-லேயே டெப்ரிகேட் செய்து, வார்னிங் காட்டிக்கொண்டே இருந்தார்கள். 2025 மார்ச்சில், 78-ஆவது பதிப்பில், போதும் என்று நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத பழைய பேக்கேஜ்கள், அவற்றை நம்பியிருந்த புதிய பேக்கேஜ்கள், எல்லாம் நிறுவ முடியாமல் நின்றன. உடனே பின்வாங்க வேண்டியதாயிற்று. நான்கு வருட அவகாசம் குறைவில்லை. ஆனால் வார்னிங் போய்ச் சேர்ந்தது பேக்கேஜை நிறுவுபவரின் திரையில். திருத்த வேண்டியவரோ எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்.

வார்னிங் எழுதுவதில் நானும் பெரிய ஆளில்லை. என்னுடைய ஒன்று இப்படி இருந்தது: "இது விரைவில் நீக்கப்படும்." எப்போது? அதற்குப் பதில் எதை எழுதுவது? ஒன்றும் இல்லை. அந்த "விரைவில்" இரண்டரை வருடம் ஓடியது.

பிப்ரவரி 16

"தற்காலிக அலையஸ்" (மாற்றுப் பெயர்) என்று யாராவது கமிட் செய்தியில் எழுதியிருந்தால் அந்த அலையஸ் எழுதியவரைவிட அதிக நாள் இருக்கும்.

பிப்ரவரி 19

ஹைரம் விதியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே என்று பார்த்தேன். பயன்படுத்துபவர்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டே இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். சேர்ப்பதுகூட உடைக்கும். 2024 ஜூலையில் ரஸ்ட் 1.80 வந்தபோது எதையும் நீக்கவில்லை, ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஒரு டிரெய்ட்டுக்கு (வகைகள் ஏற்கும் பொது நடத்தை) புதிதாக சில வகைகளைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதுவரை கம்பைலர் தானாக ஊகித்த ஒரு வகையை அதற்கப்புறம் ஊகிக்க முடியவில்லை, டைம் என்ற க்ரேட்டின் (ரஸ்ட் பேக்கேஜ்) பழைய பதிப்புகள் கம்பைல் ஆகாமல் நின்றன.

இளம் திட்டத்துக்கு இதில் நல்ல செய்தியும் உண்டு. விதி வேலை செய்ய ஆட்கள் வேண்டும், உங்களிடம் இன்னும் அவ்வளவு பேர் இல்லை. கோ மொழி செய்தது போல முன்கூட்டியே தடுக்கலாம்: பெயருக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் மேப்பில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சுற்றி வரும்போது எந்த வரிசையில் வரும் என்பதை 1.0-லேயே வேண்டுமென்றே கலைத்துப்போட்டார்கள், யாரும் அந்த வரிசையை நம்பிப் பழகக் கூடாது என்பதற்காக. நம்பிவிட்ட பிறகு பிடுங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

அதே மாதிரி, பைத்தானில் எழுதுகிறீர்கள் என்றால் முதல் ஒன்றிரண்டு தவிர மற்ற ஆர்குமென்ட்களைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப முடியும் என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுங்கள். பிறகு வரிசையை மாற்றினாலும் நடுவில் ஒன்றைச் சேர்த்தாலும் யாருக்கும் தெரியாது. நான் இதைச் செய்யாமல் விட்ட ஒரு ஃபங்ஷனில் மூன்று பூலியன்கள் வரிசையாக நிற்கும்: சரி, தவறு, சரி. எது எதற்கு என்று இன்றைக்கு எனக்கே தெரியாது.

பிப்ரவரி 23

பைத்தான் 2, 3 கதையை இழுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், யாரோ இழுத்துவிட்டார்கள். 2008 டிசம்பரில் 3.0, 2020 ஜனவரி 1-ல் இரண்டுக்கு விடை. பதினொரு வருடம். எல்லாரும் சொல்வது அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி வந்ததைப் பற்றி, அது ஒன்றுமே இல்லை, ஒரு கருவி பத்து விநாடியில் மாற்றிவிடும். கடித்தது சரமும் பைட்டும் பிரிந்த இடம். அங்கே எது எழுத்து, எது வெறும் பைட் என்று மனிதன்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எனக்குப் பாடமாக இருந்தது அதில் ஒரு சின்ன இடம். பைத்தான் 2-ல் யூனிகோட் சரத்துக்கு முன்னால் யு என்று ஒரு எழுத்துப் போடுவார்கள். மூன்றில் எல்லாச் சரமும் யூனிகோட்தான், தேவையில்லை என்று தூக்கிவிட்டார்கள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே கோடை இரண்டிலும் ஓட்ட வேண்டியவர்களுக்கு அந்த ஒற்றை எழுத்து பெரிய முட்டுக்கட்டை. 2012-ல் 3.3 பதிப்பில் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த எழுத்து எந்த வேலையும் செய்யாது, சும்மா உட்கார்ந்திருக்கும். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒரு பாலம் இல்லாமல் யாரும் கடக்கமாட்டார்கள் என்று புரிந்துகொள்ள அவர்களுக்கே நான்கு வருடம் ஆனது.

தரவைச் சரிபார்க்கும் பைத்தான் லைப்ரரியான பைடான்டிக் 2023-ல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது முதல் பதிப்பை முழுசாக அதற்குள்ளேயே வைத்து அனுப்பியது இதனால்தான் என்று நினைக்கிறேன். இம்போர்ட் வரியை மட்டும் மாற்றினால் பழைய கோட் ஓடும், ஃபைல் ஃபைலாக நகர்த்தலாம்.

கோ 1.0 வருவதற்கு முன், அடிக்கடி ஏபிஐ மாறிய காலத்தில், கோஃபிக்ஸ் என்று ஒரு கருவி கொடுத்தார்கள், மாறிய பெயர்களை அதுவே உங்கள் கோடில் திருத்தும். 2012 மார்ச்சில் 1.0 வந்தது, கூடவே இனி உடைக்கமாட்டோம் என்ற வாக்கும். அதுவரை தாராளமாக உடைத்தார்கள், உடைத்ததை ஒட்ட ஆளும் அனுப்பினார்கள். அப்படிச் செய்தால் யார் கோபப்படப் போகிறார்கள்.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் பட்டியல் போட்டுவிட்டார். ஒன்பது மாற்றம். பார்த்தேன்.

ஏழு வெறும் பெயர் மாற்றம். பழைய பெயர் புதியதைக் கூப்பிடும்படி வைத்து, எந்தப் பதிப்பில் போகும் என்று எண்ணோடு வார்னிங் போட்டால் முடிந்தது. இதற்கெல்லாம் ஒரு மாதமாகச் சண்டையா?

எட்டாவது, இயல்பு மதிப்பு ஒன்றை மாற்றுவது. எழுத்துகளை பைட்டாக்கும் முறையான என்கோடிங்கைச் சொல்லாமல் விட்டால் இதுவரை கணினியின் அமைப்பைப் பார்த்து எடுத்துக்கொண்டது, இனி எப்போதும் யூடிஎஃப்-8. சரியான மாற்றம். ஆனால் பெயர் மாறாமல் பொருள் மாறுகிறது, என் டைம்அவுட் போலவே. ஒரு பதிப்பில், என்கோடிங்கைச் சொல்லாதவர்களுக்கு மட்டும் வார்னிங் கொடுத்துவிட்டு அடுத்ததில் மாற்றுங்கள்.

ஒன்பதாவதுதான் விஷயம். வெற்று மதிப்பைத் திருப்பித் தந்த ஃபங்ஷன் இனி எக்ஸெப்ஷன் எறியும். இதை அதே பெயரில் செய்யாதீர்கள். வெற்றா என்று பார்த்துக் கையாண்டவர்கள் எல்லாரும் நன்றாக எழுதியவர்கள், நீங்கள் தண்டிக்கப் போவது அவர்களைத்தான். பார்க்காமல் விட்டவர்களுக்கு எப்படியும் அடுத்த வரியில் விழுந்திருக்கும். புதுப் பெயரில் எறியும் ஃபங்ஷனைக் கொண்டுவாருங்கள், பழையதை 0.7-ல் வார்னிங்கோடு விட்டு 0.8-ல் நீக்குங்கள். நீக்குவது பரவாயில்லை. அழைத்தால் இல்லை என்று சொல்லும், வேறு எதையோ செய்யாது.

மார்ச் 2

முதல் நாள் இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். "படிக்காமல் எடுத்துப் போட்டவரின் தலைவலி அவருடையது" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும். ஃபெல்ட்மனைப் பற்றிச் சொன்னதையும் விட்டுவிடுகிறேன், ஆனால் அவர் மேல் அன்றைக்கு இருந்த எரிச்சல் இப்போது இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் அவருக்கு முகம் தெரிந்தவர்கள். எனக்கு 0.4.7 வெளியிட்டபோது யாரையும் தெரியாது, டவுன்லோட் எண்ணிக்கை மட்டும் தெரியும். இருந்தாலும் எட்டிப் பார்த்து, அடுத்த வாரம் டேப்பை எடுக்கிறேன், உங்கள் ஃபைல்களை நானே திருத்தித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு ஃபைல்தானே.

மார்ச் 9

நேற்று நடந்தது. நான்கு வருடம் தொடாத ஒரு சொந்த ஸ்கிரிப்டை எடுத்து, டிபென்டென்சி எல்லாவற்றையும் புதுப்பித்து ஓட்டினேன். முதல் வரியிலேயே விழுந்தது. திரையில்: "டைம்அவுட் 0.5-ல் நீக்கப்பட்டது. டைம்அவுட்எம்எஸ் என்று எழுதவும். பழைய மதிப்பு விநாடியில் இருந்தால் 1000-ஆல் பெருக்கவும்."

யாரடா இவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அந்த இஷ்யூ வந்த மறுநாள் நான்தான் எழுதியிருக்கிறேன். 30-ஐ 30000 ஆக்கினேன், ஓடியது.